புதிய ஓட்டரின் வேகம் குறித்துச் சாரல் நாட்டுக்குச் சென்ற ஓலை

மழை தவறாது பெய்க. மலையும் கடலும் ஒன்றையொன்று மறவாதிருக்க.

உப்பு விளையும் வெண்கழி நாட்டை ஆள்பவளும், அலைவாய்க்கோட்டையின் அரியணைக்கு உரியவளும், கலங்கரை விளக்கின் காவலை ஏற்றவளுமாகிய ஆழிமாதேவி, சாரல் நாட்டின் காவலரும், மேகம் தங்கும் முடிகளுக்கு உரியவரும், எம்மோடு ஒரே தாய்மடியில் வளர்ந்த தம்பியாருமாகிய நெடுமுடியக் கோமகனாருக்கு விடுக்கும் ஓலை. உம் நாட்டில் அருவி வற்றாதிருக்க. உம் அரண்மனையில் பிள்ளைகளின் சத்தம் குறையாதிருக்க.

நீர் விடுத்த ஓலை வந்து சேர்ந்தது. அதைக் கொண்டுவந்த இளைஞன் எம் வாயிற்படியில் விழுந்தபடியேதான் அதைக் கொடுத்தான். கஞ்சி குடித்து, இரண்டு முறை உறங்கி எழுந்து, இப்போது எம் தோட்டக்காரரோடு வம்பளந்துகொண்டிருக்கிறான் என்று அவன் வீட்டாருக்குச் சொல்லி அனுப்புக.

குதிரை ஏறாத மலைப்பாதைகளுக்காக, ஓலை சுமந்தோடும் புதிய ஓட்டரைச் சேர்த்ததாகவும், பறையடித்து விரட்டியும் அவர்களில் பலர் முதற்சரிவிலேயே மூச்சிரைத்து விழுவதாகவும் எழுதியிருந்தீர். வேகம் முதலில் வரட்டும், தொலைவு தானாக வரும் என்று உம் படைத்தலைவர் சொன்னதையும், தொலைவுதான் முக்கியம், வேகம் எப்படியிருந்தால் என்ன என்று உம் மருத்துவர் மறுத்ததையும் குறிப்பிட்டு, புதிதாக ஓடப் பழகுவோர்க்கு வேகம் ஒரு பொருட்டுதானா என்று எம்மைக் கேட்டிருந்தீர். சென்ற மழைக்காலம் முழுவதும் நாமும் இதே கேள்வியைச் சுமந்துகொண்டு திரிந்தோம். ஆகவே ஒரு வரியில் விடை சொல்லாமல், இங்கே நடந்ததை நடந்தபடி எழுதுவிக்கிறோம்.

ஒன்று முன்னதாகச் சொல்ல வேண்டும். இதில் வருவோர் பேசியதை அவர்கள் பேசியபடியே எழுதப் பணித்திருக்கிறோம். கடற்கரைப் பேச்சு அரச ஓலையில் ஏறலாமா என்று எம் ஓலைநாயகர் முகம் சுளித்தார். இந்த ஓலையின் பொருளே பேச்சுதான் என்று விளக்கிய பின்பே எழுத்தாணியை எடுத்தார்.

மழைக்காலத்தில் எம் நாட்டில் உப்பளங்கள் நீரில் மூழ்கிக் கிடக்கும், படகுகள் கரையேறிவிடும், சேற்றுப்பாதையில் குதிரையின் கால் புதையும். அப்போது ஓலைகளை மனிதக் கால்களே சுமக்க வேண்டும். எனவே வேலையற்றிருக்கும் உப்பளத்தாரையும் படகுக்குடியினரையும் ஓட்டராகச் சேர்ப்பது எம் வழக்கம். பாதைநெடுக உள்ள ஓட்டர் மனைகளில் கணவனும் மனைவியுமாகவே குடிவைப்போம். ஒருவர் மலைப்பக்கம் ஓடினால் மற்றவர் கடற்பக்கம் ஓடுவார். கோட்டையிலிருந்து மலைவாசல் வரை இருவரும் நில்லாமல் ஓடிச் சேர்ந்தால்தான் மனை கிடைக்கும். நடுவே நடந்தால் குற்றமில்லை; ஆனால் ஒருவர் நின்றாலும் இருவருக்கும் இல்லை.

கொற்றி என்னும் உப்பளத்துப் பெண்ணுக்கு அந்த மனை வேண்டியிருந்தது. வேறெதையும் அவள் அந்த அளவுக்கு விரும்பியதில்லை, தித்தனைத் தவிர. தித்தன் படகுக்குடியினன். உப்பு வாங்க வந்த இடத்தில் அவளைப் பார்த்து, உப்பை மறந்துவிட்டுத் திரும்பியவன். இரு வீட்டாரும் முகம் திருப்பிக்கொள்ள, எம் கலங்கரையின் அடியில் அவர்களே மாலை மாற்றிக்கொண்டார்கள். பிறகு தித்தனின் தாய் நாகத்தாளின் வீட்டுக்குத்தான் போகவேண்டியிருந்தது. அங்கே கொற்றி தொட்ட குடம் மறுபடி கழுவப்பட்டது. அவள் வைத்த குழம்பை நாகத்தாள் நாயும் தின்னாது என்று சொல்லிவிட்டு, இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டாள். இவற்றையெல்லாம் கொற்றி பொறுத்தாள். தன் தாய் பேசும்போதெல்லாம் தித்தன் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. மனை கிடைக்காவிட்டால் அந்த வீட்டுக்கு இனித் திரும்புவதில்லை, தன் தகப்பன் குடிசைக்கே போய்விடுவது என்று அவள் முடிவு செய்திருந்தாள். அதை அவனிடம் சொல்லியும் விட்டாள். அப்போதும் அவன் கூரையைத்தான் பார்த்தான்.

எம் ஓட்டருக்கு இலைக்கட்டு என்று ஒரு வழக்கம் உண்டு; நீர் சிறுவயதில் பார்த்திருப்பீர். ஓலையைக் கையில் வாங்கும்போதே ஒரு வெற்றிலையை மடித்துப் பல்லிடுக்கில் கவ்விக்கொள்வார்கள். போய்ச் சேர்ந்ததும் ஓலையோடு இலையையும் கொடுப்பார்கள். இலை கிழியாமல் இருந்தால் வழியில் வாய் திறக்கவில்லை, செய்தி கசியவில்லை என்று பொருள். புதியவர்களும் முதல் நாளிலிருந்தே இலையைக் கவ்வித்தான் பழக வேண்டும். முன்னே சதங்கை கட்டிய முன்னோடி ஒருவன் ஓடுவான். அந்தச் சதங்கை ஒலி காதைவிட்டு அகலாதபடி மற்றவர்கள் பின்னால் ஓட வேண்டும். அவனோ இருபது மழைக்காலம் ஓடித் தேறியவன்.

கொற்றி ஒவ்வொரு நாளும் பாதையின் தொடக்கத்திலுள்ள தாழம்புதர் வரைதான் போனாள். அங்கே போனதும் நெஞ்சு அடுப்பாகிவிடும், முழங்கால் துணியாகிவிடும். தித்தன் இன்னும் சற்றுத் தொலைவு போய் மூங்கில் பாலத்தில் விழுவான். பலரும் அப்படித்தான் ஆங்காங்கே விழுந்தார்கள். யாரும் மெதுவாகப் போகலாம் என்று சொல்லவில்லை. வாயில்தான் இலை இருக்கிறதே, எப்படிச் சொல்வார்கள்? விழுந்தவர்களைப் பார்த்து எம் ஓட்டநாயகர் காடனார், மனவுறுதி போதாது என்று எமக்கு அறிக்கை சொல்வார். நாமும் தலையசைப்போம். எம் நாட்டார் எல்லோரும் சேர்ந்து செய்த பிழை அது. ஓட்டரின் வாயை அடைத்துவிட்டு, அவர் மூச்சு எப்படியிருக்கிறது என்று யாரும் கேட்டறிய முடியாதபடி செய்திருந்தோம்.

ஒரு காலையில் புறப்படுமுன் நாகத்தாள் ஏதோ சொன்னாள். தித்தன் வழக்கம்போலக் கூரையைப் பார்த்திருந்தான். அன்று கொற்றிக்குச் சதங்கையைத் துரத்தும் மனமே இல்லை. கூட்டம் போகட்டும் என்று பின்தங்கினாள். அவள் முகத்தைப் பார்த்துத் தித்தனும் பின்தங்கினான். சதங்கை ஒலி தேய்ந்து மறைந்ததும் அவள் வாயிலிருந்த இலையைத் துப்பினாள்.

"ஏன் மச்சான், உப்புல ஊறுன கை பட்டா மீனு கெட்டுப்போகும்னு உங்க ஆத்தா சொல்லுச்சே, அப்ப எங்க போச்சு உன் வாயி?"

தித்தன் இலையைக் கவ்வியபடியே, "ம்ம்" என்றான்.

"என்னா ம்ம்? வீட்லயும் ம்ம், பாதையிலயும் ம்ம். மாட்டுக்கு வாக்கப்பட்டிருந்தா அது ம்மான்னாவது கத்தியிருக்கும்."

அவனும் இலையைத் துப்பினான். "என்னைய என்ன சொல்லச் சொல்ற? அது அம்மா."

"அப்ப நான் யாரு? வழிப்போக்கியா?"

"மெதுவாப் பேசு புள்ள, யாராச்சும் கேக்கப் போறாங்க."

"கேக்க யாரு இருக்கா? எல்லாரும் எப்பவோ போயாச்சு. நாரையும் நண்டுந்தான் இருக்கு. கேக்கட்டும்."

"நண்டுக்குக் காது கிடையாது."

கொற்றிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் சண்டையில் பாதி தோற்ற மாதிரி என்பதால் உதட்டைக் கடித்துக்கொண்டு, அடுத்த குற்றச்சாட்டை எடுத்தாள். எடுப்பதற்கு அவளிடம் நிறைய இருந்தன. கால்கள் தம் போக்கில் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றையும், வழியில் விழுந்து கிடந்தவர்களையும் இருவரும் கவனிக்கவில்லை. மழைத்தூறல் வந்து போனது. பாலத்தின் மூங்கில்கள் காலடியில் நெறுநெறுத்தன. அவளுடைய குற்றச்சாட்டுகள் அவனுடைய அத்தை வரைக்கும் வந்துவிட்டிருந்தபோது, தித்தன் சட்டென்று, "ஏ புள்ள, நின்னுடாத. திரும்பிப் பாரு. தாழம்புதர் எங்க?" என்றான்.

தாழம்புதர் பின்னால் எங்கோ மறைந்திருந்தது. பாலமும் கடந்தாயிற்று. எதிரே கல்மண்டபம் நின்றது. புதியவர்களில் ஒருவரும் அந்த மண்டபத்தை ஓடிக் கண்டதில்லை.

மண்டபத்தில் காடனார் நின்றுகொண்டிருந்தார். வெறும் வாயோடு வந்த இருவரையும் பார்த்து, இலை எங்கே என்று அதட்டினார்.  இலையைத் துப்பியவரை அன்றே நீக்கலாம் என்பது சட்டம். ஆனாலும் மறைக்காமல், "சண்டை போடணும்னு துப்பிட்டேங்க ஐயா" என்றாள். காடனார் அதட்டியபடியே நின்றார். அதட்டல் மெல்ல மெல்லக் கேள்வியாக மாறியது. நடந்து வந்தீர்களா என்று கேட்டார். இல்லை என்றார்கள். எங்கேனும் உட்கார்ந்தீர்களா? இல்லை. பிறகு எப்படி இந்தப் பெண் இவ்வளவு தூரம் வந்தும் மூச்சு முட்டாமல் நிற்கிறாள்? அவருக்கும் தெரியவில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லக்கூடிய மனிதர் அவர். ஆகவே இருவரையும் எம்மிடம் அழைத்து வந்தார்.

நாம் கொற்றியை அருகில் இருத்திக் கேட்டோம். ஓடும்போது என்ன உணர்ந்தாய் என்றோம்.

"ஓடுனதே தெரியல தாயி. சண்டைதான் தெரிஞ்சுது" என்றாள்.

முன்பு ஓடியபோது பேச முடிந்திருக்குமா என்று கேட்டோம்.

"அய்யோ, அப்ப வாயில இலை இல்லாட்டியும் ஒரு சொல்லு வந்திருக்காது. உசிரு வந்தாப் போதும்னு இருக்கும்."

அப்படியானால் சண்டைதான் வலிமை தந்ததா, அல்லது சண்டை போடும் அளவுக்கு மெதுவாக ஓடியது தந்ததா? இந்தக் கேள்வி எம்மை உறங்கவிடவில்லை. மறுநாள் காலை எம் தோழியோடு அரண்மனைக் குளக்கரையில் நாமே ஓடிப் பார்த்தோம். இதைக் கேட்டு நீர் சிரிப்பீர். அமைச்சர் சிரிக்கவில்லை, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். விரைந்து ஓடியபோது கரையின் ஒரு பக்கம் முடிவதற்குள் தூணைப் பிடித்துக்கொண்டோம். அடுத்த நாள், தோழியின் தங்கைக்கு வந்த வரன்களைப் பற்றிப் பேசிக்கொண்டே ஓடினோம். குளத்தை முழுதாகச் சுற்றி வந்த பின்னும் மூன்றாம் வரனின் குறைகள் மீதமிருந்தன.

பின்பு காடனாரே ஒரு சோதனை வகுத்தார். புதியவர்களில் பாதிப்பேர் பழையபடி சதங்கையின் பின்னால் ஓடட்டும். மறுபாதியினர் இலையின்றி, இணை இணையாக, வாய் ஓயாமல் பேசிக்கொண்டு ஓடட்டும். பேச்சு திக்கினால் வேகத்தைக் குறைக்கட்டும் என்றார். முதல் சில நாட்கள் பேசுவோர் கூட்டத்தைப் பார்த்து ஊரே நகைத்தது. ஆமைகள் திருவிழாவுக்குப் புறப்பட்டுவிட்டன என்று படகுத்துறையில் பாட்டுக் கட்டினார்கள். அதில் ஓர் இணை பேச்சின் சுவையில் ஓட்டத்தையே மறந்து, புன்னை நிழலில் அமர்ந்து பேசிக்கொண்டிருந்ததும் உண்மை. அவர்கள் எந்த வலிமையும் பெறவில்லை. ஆகவே மெதுவாகப் போவது மட்டும் போதாது, கால் ஓடிக்கொண்டேயிருக்க வேண்டும் என்று அறிந்தோம்.

மழைக்காலம் பாதி கடந்தபோது நகைப்பு நின்றுவிட்டது. சதங்கையைத் துரத்தியவர்கள் தாழம்புதருக்கும் பாலத்துக்கும் இடையிலேயே இருந்தார்கள். பலர் கால்நரம்பு பிடித்து வீட்டில் படுத்திருந்தார்கள். பேசி ஓடியவர்கள் மண்டபம் தாண்டி மலையேற்றம் வரை போய்வந்தார்கள். அதைவிட வியப்பு ஒன்று உண்டு. வேகத்தை அவர்கள் நினைக்கவேயில்லை. ஆனாலும் முன்பு பேச்சு திக்கிய அதே வேகத்தில் இப்போது கதை சொல்லிக்கொண்டு ஓடினார்கள். வேகம் அழையாமல் வந்து அவர்களோடு சேர்ந்துகொண்டிருந்தது. வெயில் ஏறிய நாட்களிலும் ஏற்றமான இடங்களிலும் அதே ஆட்கள் மெதுவானார்கள். பேச்சு அவர்களை அடக்கியது. அப்படியானால் புதியவருக்கு உரிய வேகம் என்பது பாதையில் இல்லை, பறையிலும் சதங்கையிலும் இல்லை, அன்றைய மூச்சில் இருக்கிறது என்றல்லவா ஆகிறது?

மனை யாருக்கு என்று முடிவு செய்யும் நாள் வந்தது. அன்று மெய்யான ஓலையைக் கொண்டு ஓடுவதால் இலைக்கட்டை விலக்க நாம் உடன்படவில்லை. நாட்டின் செய்தி காக்கப்பட வேண்டுமே. கொற்றிக்கு அச்சம் வந்தது. பேச முடியாவிட்டால் அளவு எப்படித் தெரியும்? புறப்படுமுன் தித்தனிடம், "மனசுக்குள்ள பேசிக்கிட்டே வா மச்சான். பேச முடியலன்னா கொறைச்சுக்க. சதங்கை போனாப் போவுது" என்றாள். அவனும் தலையாட்டினான்.

ஆனால் படகுத்துறை ஆட்கள் பாதையோரம் கூடியிருந்தார்கள். "அண்ணே, பொண்டாட்டி முந்தானையைப் பிடிச்சுக்கிட்டா ஓடப்போற?" என்று ஒருவன் கத்தினான். "விடுடா, இடுப்புல தூக்கி வச்சுக்கிட்டுப் போவா" என்றான் இன்னொருவன். சில நாளாக மழை விட்டுச் சேறு இறுகியிருந்ததால், நாகத்தாளும் மற்ற தாய்மாரோடு மலைவாசலுக்கு வண்டியில் போய்க்கொண்டிருந்தாள்; அவளும் மகனைப் பார்த்தாள். தித்தனின் காதுமடல் சிவந்தது. சதங்கை ஒலித்ததும் அவன் அதன் பின்னால் பாய்ந்தான்.

கொற்றிக்குக் கூப்பிட வாயில்லை. பல்லிடுக்கில் இலை. பின்னால் ஓடிப் பிடிக்கலாம். பிடித்தால் தாழம்புதரில் தானும் விழ வேண்டியதுதான். ஒவ்வொருவராக அவளைக் கடந்து போனார்கள். சதங்கை தேய்ந்தது, மறைந்தது. அது மறையும்வரை பொறுத்திருப்பதுதான் அந்தப் பாதை முழுவதிலும் கடினமான இடம் என்று பின்னர் எம்மிடம் சொன்னாள். மனத்துக்குள் நாகத்தாளோடு ஒரு நீண்ட வழக்கைத் தொடங்கி, அதற்கேற்றபடி காலை வைத்தாள். புதரில் இருவர் அமர்ந்திருந்தார்கள். பாலத்தில் ஒருவர். மண்டபத்தில் இன்னும் சிலர். ஒவ்வொரு முகமாகப் பார்த்து, அது தித்தன் இல்லை என்று கண்டு, மேலே ஓடினாள்.

ஏற்றத்தின் நடுவில் அவனைக் கண்டாள். அவன் நிற்கவில்லை, அதைமட்டும்தான் சொல்ல முடியும். முழங்காலில் கை ஊன்றி, ஒரு காலை இழுத்து மறுகாலைத் தள்ளிக்கொண்டிருந்தான். கண்ணில் நீர் நிறைந்திருந்தது. அவளுக்கு மூச்சு மீதமிருந்தது, கால் மீதமிருந்தது. அவள் விரைந்து போய்ச் சேர்ந்தாலும் அவன் நின்றுவிட்டால் மனை இல்லை என்பது மெய்தான். ஆனால் அந்த நேரத்தில் தான் மனையை நினைக்கவில்லை என்கிறாள். ஒரு கணம் அவனை அப்படியே விட்டுப்போகத்தான் தோன்றியதாம். பிறகு அவன் பக்கத்தில் வந்து, தன் அடியை அவன் அடிக்குக் குறைத்துக்கொண்டாள். அவன் இரைப்பு தணியும்வரை நடையும் ஓட்டமுமாகப் போனாள். தணிந்ததும் சற்றே கூட்டினாள். மறுபடி இரைத்தால் மறுபடி குறைத்தாள். திட்ட முடியவில்லை, தேற்றவும் முடியவில்லை. தோளோடு தோள் போனதைத் தவிர அவர்களுக்குள் வேறு பேச்சில்லை.

மலைவாசலை அடைந்தவர்களில் அவர்களே கடைசி. இருவரும் ஓலையையும் கிழியாத இலைகளையும் கொடுத்தார்கள். காடனார், எவ்விடத்திலேனும் நின்றதுண்டா என்று முறைப்படி கேட்டார். கொற்றி வாய் திறப்பதற்குள் தித்தன் முன்னால் வந்தான். நாமும், அமைச்சரும், வண்டிகளில் வந்த தாய்மாரும் அங்கேயிருந்தோம். அவன் எம்மைப் பார்க்கவில்லை. தன் தாயைப் பார்த்தான்.

"நிக்கலைங்க. நின்னுருப்பேன். நான் இவளை விட்டுட்டு ஓடினேன். இவ என்னைய விட்டுட்டு ஓடலை" என்றான். பிறகு, "அம்மா, இனி இவளைப் பத்தி ஒரு சொல்லு சொல்றதா இருந்தா, முதல்ல என்கிட்ட சொல்லு. நான் பதில் சொல்றேன்" என்றான்.

 நாகத்தாள் வண்டியிலிருந்து இறங்கி, தான் மகனுக்கென்று கொண்டுவந்திருந்த நீராகாரத்தைக் கொற்றியிடம் நீட்டி, "குடி. முகமெல்லாம் காஞ்சு கெடக்கு" என்றாள். அது கனிவா, தோல்வியா, வெறும் பழக்கமா என்று நாமறியோம். கொற்றி பாதியைக் குடித்துவிட்டு மீதியைக் கணவனுக்குக் கொடுத்தாள்.

மலைவாசல் மனை அவர்களுக்கே உரியது என்று அவ்விடத்திலேயே ஆணையிட்டோம்.

இனி உமக்குரிய விடை. உம் படைத்தலைவரும் மருத்துவரும் பாதிப்பாதி சரி. புதியவர்க்கு விரைவு ஒரு பொருட்டன்று. ஆனால் எந்த வேகத்தில் ஓடுகிறார் என்பது பெரும்பொருட்டு. முழுவாக்கியம் ஒன்றைத் திக்காமல் சொல்லும் வேகமே அவருக்கு உரிய வேகம். அது இன்று நடையை ஒத்திருந்தாலும் இழுக்கில்லை. முழுப்பாதையும் எளிதாகக் கைவந்த பின்னர், சிறிது சிறிது தொலைவு விரைந்தோடிப் பழகட்டும். எனினும் எமக்குத் தெரியாதது ஒன்றுண்டு. மேகம் உரசும் உம் மலைமுடியில் காற்றே மெலிதென்கிறார்கள். அங்கே பேச்சு எவ்வளவு விரைவில் திக்கும், எம் கடற்கரைக் கால்கள் அங்கே என்ன செய்யும் என்று அறிய ஆவலாயிருக்கிறோம். சோதித்து எழுதுக.

ஆகவே, தமக்கை என்ற உரிமையாலும், நட்புநாட்டின் அரசி என்ற முறையாலும் பணிப்பது: உம் பயிற்சிச் சாலையில் பறையடித்துப் புதியவரை விரட்டுவதை இன்றே நிறுத்துக, அவரை இணை இணையாக, பேசவிட்டு ஓடவிடுக, விழுந்தவரை மனவுறுதி அற்றவர் என்று எவரும் எழுதாதிருக்க. இவ்வோலையை எம் ஓட்டரே கொண்டுவருகிறார்; உம் ஓட்டனை நாம் இன்னும் சில நாள் இருத்திக்கொள்வோம். கொற்றியும் தித்தனும் அவனுக்குத் துணையாக எல்லைவரை பேசிக்கொண்டே வருவார்கள். அவன் தாமதமாக வந்தான் என்று ஒருவரும் கடிந்துகொள்ளலாகாது.

கழிமுகத்தில் நீர் தெளிந்த நாளில், அமைச்சரும் ஓட்டநாயகரும் அருகிருக்க, நாம் சொல்ல ஓலைநாயகர் எழுதி, நண்டும் விளக்கும் பொறித்த எம் இலச்சினை இடப்பட்டது. இவ்வாணை கடல் வற்றும்வரை நிற்க; இதைப் படிப்பவரின் மூச்சு சீராயிருக்க.